சுவரைத் தொடும் இரண்டு கைகள்

நீங்கள் எழுதியிருப்பது இது: மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறாள், கையை விட்டு நடக்கவில்லை. அப்பாவுக்கு 74 வயது. ஆறேழு மாதங்களாக அவரும் வீட்டுக்குள் சுவரைத் தொட்டபடியேதான் நடக்கிறார். முதுமையில் மனிதன் மறுபடியும் குழந்தையாகிறான் என்பது இதுதானா, பிறப்பிலிருந்து முதுமைவரை நடை எப்படியெல்லாம் மாறுகிறது என்று பொதுவாகக் கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தப் பொதுக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த இருவரில் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள். பதற வேண்டாம், ஆனால் இந்த மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் பிசியோதெரபிஸ்ட். 26 ஆண்டுகளாக இதுவே வேலை. முதல் பத்தாண்டுகள் பெரும்பாலும் குழந்தைகளோடு, அதன்பிறகு பெரும்பாலும் முதியவர்களோடு. இந்தத் தொழிலில் கண்ணுக்கு முன்பே காது பழகிவிடும். வெளியே தாழ்வாரத்தில் ஒருவர் நடந்து வரும்போதே வருகிறவர் எந்த வயதுக்காரர் என்று ஓரளவு தெரிந்துவிடும். நடக்கத் தொடங்கி ஒரு மாதமேயான குழந்தையின் பாதம் முழுதாகத் தரையில் அறையும். தப், தப், தப் என்று ஒற்றை ஓசை, அவசரத் தாளம். நடுவயதுக்காரரின் ஒவ்வொரு அடியிலும் இரண்டு ஓசைகள் கேட்கும். குதிகால் படுவது ஒன்று, முன்பாதம் இறங்குவது ஒன்று. முதியவர்கள் பலரிடம் அந்த இரண்டும் கலந்து, தேய்ந்த ஓசை ஒன்றாகிவிடும். குழந்தை தத்தித் தத்தி வருவதைத் தளர்நடை என்கிறோம். முதியவருக்கும் நடை தளர்ந்துவிட்டது என்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் நடந்துகொண்டிருப்பதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்பினால் எத்தனையோ முதியவர்கள் குணப்படுத்தக்கூடிய நோயோடு, ‘வயதாகிவிட்டது, இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆதங்கம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். பிறந்து சில நாட்களே ஆன குழந்தையை அக்குளில் தாங்கி நிமிர்த்தி, பாதம் மேசையில் படும்படி பிடித்தால், அது கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். முதன்முறை பார்க்கிற பெற்றோருக்கு மெய்சிலிர்த்துவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இது மறைந்துபோகும். வளரும் மூளை இந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். 1980களில் எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். குழந்தைகளைக் கால்கள் நீரில் மூழ்கும்படி பிடித்தார்கள். கால்களை எட்டி வைப்பது கூடியது. நன்றாக எட்டி வைக்கும் குழந்தைகளின் காலில் சிறு எடையைக் கட்டினார்கள். எட்டி வைப்பது குறைந்தது. அதாவது, முதல் மாதங்களில் காலில் கொழுப்பு சேருகிற வேகத்துக்குத் தசை வலுப்பெறுவதில்லை. கால் தனக்கே பாரமாகிவிடுகிறது. கால் எடை இதில் பங்கு வகிக்கிறது என்பது உறுதி. அது மட்டுமே காரணமா, மூளையின் வளர்ச்சிக்கும் பங்கு உண்டா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பச்சிளம் குழந்தை கால்களை எட்டி வைக்கும்போது முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குச் செல்லும் கட்டளைகள் இரண்டு அடிப்படை வடிவங்களாக இருப்பதைக் கண்டார்கள். வளர்ந்தவர்களிடம் அவை நான்காக இருந்தன. பழைய இரண்டும் அழிந்துவிடவில்லை. அவற்றின் மேல் புதியவை சேர்ந்திருந்தன. எலி, பூனை, குரங்கு, கினிக்கோழி ஆகியவற்றிலும் இதை ஒத்த வடிவங்களே தென்பட்டன. நடப்பதற்கான விதை நாம் பிறக்கும்போதே முதுகுத்தண்டில் இருக்கிறது. மண்ணும் நீரும் கிடைப்பதற்குத்தான் ஓர் ஆண்டு ஆகிறது.

அந்த ஓர் ஆண்டில் கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது, பிடித்து நிற்பது எல்லாம் நடக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. அதன்படி எதையும் பிடிக்காமல் தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். எவ்வளவு அகலமான வாசல் பாருங்கள்! உங்கள் மகள் அந்த வாசலுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கிறாள். அதே ஆய்வில் சுமார் நான்கு விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. பிட்டத்தால் நகர்ந்தோ வேறு விதமாகவோ சமாளித்து நேரே எழுந்து நடந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்பதாம் மாதத்தில் நடந்தது என்பதை வைத்து உங்கள் மகளை அளக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து மாதங்களை எண்ண வேண்டும்.

எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18 மாதம் முடிந்தும் தனியே நடக்காவிட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கையையும் காலையும் மட்டுமே பயன்படுத்தினால், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், கற்றுக்கொண்ட ஒன்றை இழந்தால், 18 மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வட்டமாக உட்காரவைத்து உருட்டிவிடும் பேபி வாக்கர் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது உண்மையல்ல. படிகளில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். சுவரைத் தொடும் கை இரண்டு வேலைகளைச் செய்ய முடியும். ஒன்று, உடம்பின் பாரத்தைத் தாங்குவது. மற்றது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது. இந்த இரண்டாவது வேலை எவ்வளவு வலியது என்று 1990களில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் விரல்நுனி அசையாத ஒரு பொருளை மெல்லத் தொட்டாலே போதும். நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தம்தான். அந்த அழுத்தம் யாரையும் தாங்கிப் பிடிக்காது. ஆனாலும் உடம்பின் ஆட்டம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. நீங்களே இருட்டறையில் ஒற்றைக் காலில் நின்று, சுண்டுவிரலால் கதவைத் தொட்டும் தொடாமலும் பாருங்கள், புரிந்துவிடும்.

உங்கள் மகளின் கையை அடுத்த சில வாரங்கள் கவனியுங்கள். இப்போது உள்ளங்கை முழுதும் சுவரில் பதிந்திருக்கும், மார்புகூடச் சுவரோடு ஒட்டியிருக்கும். சில நாளில் விரல்கள் மட்டும் தொடும். பிறகு ஒரு நாள் இரண்டு விரல். அதன்பின் விளையாட்டுப் பொருள் ஒன்றைப் பார்த்துத் திரும்பும்போது கை சுவரை விட்டிருப்பதை அவளே அறியாமல் நான்கைந்து நொடி நின்றுவிடுவாள். தாங்குவதற்காகப் பிடித்த சுவர் தகவலுக்கான சுவராகி, பிறகு தேவையற்ற சுவராகிவிடுகிறது. நான் இதை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அலுத்ததில்லை.

கையை விட்டபிறகு வருகிற முதல் அடிகள் நம் நடையின் சிறிய வடிவம் அல்ல. கால்கள் அகல விரிந்திருக்கும், கைகள் தோளுயரத்துக்குத் தூக்கியிருக்கும், முழங்கால் மடிந்திருக்கும், குதிகால் தனியாகப் படாது. எட்டு, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள தூரம், சிறிது; அடிகளின் எண்ணிக்கை அதிகம். நாம் நடக்கும்போது ஊன்றிய காலின் மேல் உடம்பு ஒரு வில்லைப்போல மேலேறி இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வேகம் உயரமாகவும், இறங்கும்போது உயரம் வேகமாகவும் மாறுவதால், ஒவ்வொரு அடிக்கும் புதிதாகச் செலவிட வேண்டிய ஆற்றல் பெருமளவு மிச்சமாகிறது. முதல் அடிகளை வைக்கும் குழந்தையிடம் இந்த ஊசல் இல்லை. இது பிறவியில் வருவதில்லை. தனியே நடந்து பழகிய முதல் சில மாதங்களில்தான் உருவாகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

பழகுவது என்றால் சாதாரணப் பழக்கம் அல்ல. கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளை அவர்கள் போக்கில் விளையாடவிட்டு எண்ணியது. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள். இதை 2012-இல் வெளியிட்டார்கள். மணிக்கு 17 முறை விழுந்தும் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அழுவதுகூட இல்லை. குட்டை உடம்பு, சிறிய எடை, தரைக்கு மிக அருகில் இருக்கும் பிட்டம். விழுவது அவர்களுக்கு ஒரு நிறுத்தற்குறி மட்டுமே. எழுந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

அடால்ஃபின் வேறொரு சோதனை என் மனத்தை விட்டு அகலாதது. தவழ்வதில் பல வார அனுபவம் பெற்ற குழந்தையைச் செங்குத்தான சரிவின் விளிம்பில் விட்டால், தயங்கும், கையால் தடவிப் பார்க்கும், இறங்காது. அதே குழந்தை நடக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் அதே விளிம்புக்கு நிமிர்ந்து வந்து, யோசிக்காமல் காலை வைத்துக் கவிழ்ந்துவிடுகிறது. பிடிக்க ஆள் தயாராக நிற்பார்கள். தவழும் உடம்புக்குத் தெரிந்த ஆபத்து நடக்கும் உடம்புக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் எச்சரிக்கையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நடக்கப் பழகும் குழந்தையின் ஆபத்து அது தன் உடம்பை அதிகமாக நம்புவது. முதியவரிடம் நான் பார்ப்பது நேர் எதிரானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒன்றரை, இரண்டு வயதுக்குள் குதிகால் முதலில் படத் தொடங்குகிறது. கைகள் இறங்கி, எதிர்க்காலோடு சேர்ந்து வீசத் தொடங்குகின்றன. மூன்று, நான்கு வயதில் நடையின் கட்டமைப்பு பெரியவர்களுடையதை நெருங்கிவிடும். ஏழு வயதில் வேறுபாடு பெரும்பாலும் கால் நீளத்தில்தான். இடையில் கால்கள் வளைந்திருப்பதைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவார்கள். இரண்டு வயதுவரை வெளிப்பக்கம் வளைந்திருப்பதும், மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் உள்பக்கம் இடிப்பதும், ஏழு வயதுக்குள் நேராவதும் வளர்ச்சியின் இயல்பான வரிசை. இரண்டு கால்களும் ஒரே அளவு வளைந்திருந்தால் பொறுத்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் காட்ட வேண்டும்.

இருபதிலிருந்து அறுபதுவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. இயல்பான வேகம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். ஒரு கால் தரையில் பட்டு மறுபடி படும்வரையான ஒரு சுழற்சியில் ஏறக்குறைய 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில், 40 விழுக்காடு காற்றில். முன்னே தள்ளும் விசையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசை தருவது. அடியின் கடைசியில் பாதம் தரையை உந்தும்போது பின்னாலிருந்து யாரோ மெல்லத் தள்ளியதுபோல் உடம்பு முன்னேறும். இந்த உந்தலை நினைவில் வையுங்கள். முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது இதுதான்.

அறுபதுகளைக் கடந்தபின் நோயில்லாதவர்களிடமும் காணப்படுகிற மாற்றங்கள் இவை: வேகம் மெல்லக் குறைகிறது. நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை, எட்டின் நீளம்தான் சுருங்குகிறது. இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. கெண்டைக்கால் உந்தல் குறைந்து, அந்த வேலையை இடுப்புத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் மற்றவற்றைவிட அதிகமாக மெலிவதால், தடுக்கினால் காலைச் சட்டென முன்னே எடுத்து வைப்பது கடினமாகிறது. இவ்வளவும் பலமுறை அளந்து உறுதி செய்யப்பட்டவை.

இந்தப் பட்டியலைக் குழந்தையின் நடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலோட்டமாக ஒற்றுமை தெரியும்: சிறிய எட்டு, இரு பாதமும் தரையில் இருக்கும் நேரம் அதிகம். ஆனால் நலமான முதியவரிடம் ஊசல் இருக்கிறது. குதிகால் முதலில் படுகிறது. கைகள் வீசுகின்றன. நடக்கும் கலை எதையும் அவர் மறக்கவில்லை. அந்தக் கலையை நிறைவேற்றும் உறுப்புகளில் சில பலம் குறைந்திருக்கின்றன. அதைச் சரிக்கட்ட உடம்பு நிதானமான ஒரு நடையைத் தேர்ந்தெடுக்கிறது. குழந்தை சிறிய எட்டு வைப்பது அதற்கு வேறு எதுவும் இன்னும் தெரியாததால். முதியவர் சிறிய எட்டு வைப்பது அறுபது எழுபது ஆண்டு நடந்த உடம்பு எடுத்த முடிவு. அவருடைய நடையைக் குழந்தை நடை என்று சொல்லும்போது அந்த அறிவை இல்லாததாக்கிவிடுகிறோம்.

ஆனாலும் ‘மறுபடி குழந்தையாவது’ என்பதில் உண்மையே இல்லை என்று சொன்னால் நான் நேர்மையானவன் அல்ல. குழந்தையின் உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி விரியும். வளர்ந்தபின் அது கீழ்நோக்கி மடங்க வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் நரம்புப்பாதை சேதமுற்றால் பெருவிரல் பழையபடி மேல்நோக்கி விரிகிறது. மூளையின் முன்பகுதி நோயுற்ற சிலரிடம், உள்ளங்கையில் விரல் வைத்தால் பச்சிளங்குழந்தைபோல இறுகப் பற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு நடையைத் தொடங்கவே தெரியாமல் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பழையவை அழியாமல் அடியில் கிடந்து, மேலே இருந்தவை விலகும்போது வெளிப்படுகின்றன என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், இவை நோயின் அடையாளங்கள். வயதின் அடையாளங்கள் அல்ல.

எது வயது, எது நோய் என்ற கோட்டை எங்கே இழுப்பது? என் துறையில் தெளிவு குறைந்த இடம் இதுதான். எண்பது வயதில் மூட்டு, கண், உள்காது, நரம்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் இருக்கும். தூய முதுமை என்று ஒன்றைப் பிரித்தெடுத்துக் காட்ட முடியாது. நடை வேகத்தின் கதையும் அப்படித்தான். 34,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் தகவல்களைத் திரட்டி 2011-இல் வெளியான ஆய்வு, வேகமாக நடப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததைக் காட்டியது. அதிலிருந்து, வேகத்தைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆய்வு அதைச் சொல்லவில்லை. இதயம், நுரையீரல், மூளை, தசை எல்லாம் நன்றாக இருப்பவர் வேகமாக நடக்கிறார். வேகம் அவற்றின் கூட்டு அறிக்கை. அறிக்கையைத் திருத்துவதால் மட்டும் உள்ளே இருப்பது மாறிவிடாது. ஆனால் அறிக்கையைப் படிக்காமல் விடவும் கூடாது. ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல், நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவான வேகத்தைத் தசை மெலிவுக்கான எச்சரிக்கை அளவுகளில் ஒன்றாக வைத்தது.

உங்கள் அப்பாவின் நடை ஆறேழு மாதத்தில் மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கால அளவுதான். வயது இவ்வளவு விரைவாக ஒருவரைச் சுவருக்குக் கொண்டுவந்து சேர்க்காது; பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கும். அது எது என்று அவரைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. எழுத்தில் படித்து நோயின் பெயரைச் சொல்லும் பதில்களை நம்பாதீர்கள். ஆனால் மருத்துவருக்கு உதவும்படி நீங்கள் கவனித்துச் சொல்லக்கூடியவை உண்டு.

மகளுக்குச் சொன்னதையே இங்கேயும் செய்யுங்கள்: கையைப் பாருங்கள். உள்ளங்கை சுவரில் அழுந்துகிறதா, விரல்நுனி மட்டும் வருடிக்கொண்டு போகிறதா? உள்ளங்கை அழுந்தினால் அவர் சுவரிடம் தாங்குதல் கேட்கிறார். தொடை, இடுப்புத் தசைகளின் பலவீனமோ மூட்டு வலியோ இருக்கலாம். நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள். விரல்நுனி மட்டும் தொட்டால் அவர் சுவரிடம் தகவல் கேட்கிறார். பாதமோ கண்ணோ உள்காதோ தர வேண்டிய செய்தி சரியாக வந்து சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். இது கறாரான விதி அல்ல, அனுபவத்தில் எனக்குப் பலமுறை உதவிய குறிப்பு. பயமும் ஒருவரைச் சுவரோரமாக நடக்க வைக்கும். ஒருமுறை விழுந்து எழுந்தவரின் உடம்பு விறைத்துவிடும், கண் பாதத்தை விட்டு அகலாது. குழந்தை தன் உடம்பை அதிகம் நம்பி விழுகிறது என்றேனே, முதியவர் நம்பாமல் நடையைக் குறைக்கிறார். நடை குறைவதால் தசை மெலிகிறது. மெலிந்த தசை அவருடைய பயத்தை உண்மையாக்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் 79 வயதான ஒருவரை அவருடைய மகன் அழைத்துவந்தார். ‘வயதாகிவிட்டது, ஏதாவது பயிற்சி கொடுங்கள்’ என்றார். பெரியவர் அறைக்குள் வரும்போதே புறங்கை விரல்களால் சுவரை வருடியபடி வந்தார். சுவர் முடிந்த இடத்தில் நின்று, நாற்காலியின் முதுகை நோக்கிக் கையை நீட்டினார். கால்களில் பலம் நன்றாகவே இருந்தது, கையூன்றாமல் எழுந்தார். பேச்சுவாக்கில், ‘முகம் கழுவும்போதுதான் ஐயா தள்ளுகிறது’ என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. முகம் கழுவும்போது கண் மூடியிருக்கும். பாதத்திலிருந்து செய்தி வராதவருக்குக் கண்தான் ஒரே துணை, அதுவும் மூடினால் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன், சாய்ந்தவரைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சியைத் தொடங்காமல் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். பாதத்தின் செய்தியைக் கொண்டுவரும் நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 இரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தது. ஊசிகளும் பயிற்சியுமாக ஐந்தாறு மாதத்தில் வீட்டுக்குள் சுவரை விட்டார். இருட்டில் மட்டும் கடைசிவரை ஒரு விரல் தேவைப்பட்டது. முன்பே வந்திருந்தால் அந்த விரலும் தேவைப்பட்டிருக்காது என்று இன்றும் தோன்றுகிறது.

பி12 ஓர் எடுத்துக்காட்டுத்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கலாம். கண்புரை இருக்கலாம். தூக்க மாத்திரையோ, படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரிவதோ காரணமாகலாம். சிறு எட்டு, ஒரு கை மட்டும் வீசாதது, திரும்பும்போது பல அடிகள் வைப்பது ஆகியவை பார்க்கின்சன் நோயை நினைக்க வைக்கும். பாதம் தரையில் ஒட்டுவதோடு சிறுநீர் அடக்க முடியாமையும் மறதியும் சேர்ந்தால், மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பலருக்கு அறுவை சிகிச்சையால் நடை திரும்புகிறது. கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால் விறைக்கும், சட்டைப் பொத்தான் போடுவதும் சிரமமாகும். நடை திடீரென ஒரே நாளில் மாறியிருந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, அவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா? 1997-இல் சுவீடனில் செய்த ஆய்வொன்றில், பேசுவதற்காக நடையை நிறுத்திய முதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாக விழுந்தார்கள். நடை தானாக நடந்த காலம் போய், ஒவ்வொரு அடிக்கும் கவனம் செலவாகிறது என்பதன் அடையாளம் அது.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதியவரின் தசை பயிற்சிக்கு மறுமொழி தரும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்திலிருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதன்பின் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது: தினமும் நடந்தால் போதும் என்று நினைக்கிறோம். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. விழாமல் இருக்க அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்தின் முன் இன்னொன்றை வைத்து நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள் வேண்டும். பக்கத்தில் உறுதியான மேசையும் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

கைத்தடியை அவமானமாக நினைத்தால் அவரோடு பேசிப் பாருங்கள். சுவர் அறையின் நடுவே வராது, தடி கூடவே வரும். அவருக்குத் தேவை தகவல் என்றால், தடி தரையை மெல்லத் தொடுவதே பெரிய உதவி. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு காலில் வலி என்றால் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்தில் பிடிப்பவர்களே அதிகம். நழுவும் செருப்பை மாற்றுங்கள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும்படி இருக்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மீட்டர் அளந்து கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நொடிகளை எண்ணுங்கள். நான்கு நொடிக்கு மேல் ஆனால் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவு. அடுத்தது, நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது. 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று கொள்கிறார்கள். மூன்றாவது, அந்தத் திரும்பலில் எத்தனை அடி வைக்கிறார். பக்கத்திலேயே ஒருவர் உடன் நடக்க வேண்டும், ஆனால் கையைப் பிடிக்கக் கூடாது. செல்பேசியில் அரை நிமிடம் படமெடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மருத்துவர் அறையில் எல்லோரும் வீட்டில் நடப்பதைவிட நன்றாகவே நடந்து காட்டுவார்கள். படமெடுக்கும்போது பாதத்தோடு, சுவரில் இருக்கும் அவருடைய கையும் தெரியும்படி எடுங்கள்.